மார்த்தாண்டத்தில் எஸ்கியூஎல் சர்வரை நீக்கித் தந்த கணினிக் கடை

எங்கள் ரப்பர் ஷீட் கடையில் பல ஆண்டுகளாக ஓடிய பில்லிங் மென்பொருளைச் சென்ற மாதம் மாற்றினோம். ஆனால் அதன் பில் விவரங்களைச் சேமிக்க நிறுவியிருந்த தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2012 எக்ஸ்பிரஸ், கணினியைத் தொடங்கும்போதெல்லாம் தானும் ஓடத் தொடங்கி, இருக்கும் நான்கு ஜிபி நினைவகத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பதிப்புக்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவும் 2022 ஜூலையில் முடிந்துவிட்டது. அதை நீக்க, மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு கணினிக் கடையை நாடினேன்.

முன்பு ஒருவர் எங்கள் வேறொரு கணினியில் புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த அதன் ஃபோல்டரையே நேரடியாக அழித்துவிட்டார். பின்னணியில் ஓடும் அதன் சர்வீஸ்களும், விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவுகளும் அப்படியே தங்கிவிட்டதால், முறைப்படி நீக்கவும் முடியாமல், மறுபடி நிறுவவும் முடியாமல், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அதனால் இம்முறை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வந்த தம்பி முதல் ஒரு மணி நேரம் எதையுமே நீக்கவில்லை. தரவுத்தளத்தைப் பேக்கப் எடுத்து, புதிய பதிப்பு உள்ள தன் மடிக்கணினியில் மீட்டெடுத்த பிறகு, "அண்ணே, 2019-ல உள்ள ஒரு பில்லைச் சொல்லுங்க" என்றார். பழைய பில் கட்டிலிருந்து ஓர் ஒட்டுப்பால் பில்லை எடுத்து எண்ணைச் சொன்னேன். திரையில் வந்த எடையும் தொகையும் தாளோடு ஒத்திருந்தன. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதால், எனக்கு இந்தச் சோதனையைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அதன் பின்னரே கன்ட்ரோல் பேனலுக்குப் போனார். அங்கே நீக்கும்போது எந்த இன்ஸ்டன்ஸ், அதாவது ஒரே கணினியில் தனித்தனியாக ஓடும் சர்வர்களில் எது, என்று கேட்கும். எங்கள் கணினியில் இரண்டு இருந்தன. ஒன்று பில்லிங்குக்கு, மற்றொன்று பணியாளர்களின் விரல்ரேகை வருகைப் பதிவுக்கு. அவசரப்பட்டு இரண்டையும் தேர்ந்தெடுத்திருந்தால் வருகைப் பதிவும் போயிருக்கும். அவர் முதலாவதை மட்டும் நீக்கி, இரண்டுக்கும் பொதுவான, மென்பொருளைச் சர்வரோடு இணைக்கும் நேட்டிவ் கிளையன்ட் போன்றவற்றைத் தொடாமல் விட்டு, கணினியை மீண்டும் தொடங்கி, வருகைப் பதிவு இயந்திரத்தில் என் விரலை வைக்கச் சொல்லிச் சரிபார்த்தார்.

சர்வரை நீக்கினாலும், தரவுத்தளத்தின் தரவும் மாற்றப் பதிவும் இருக்கும் எம்டிஎஃப், எல்டிஎஃப் கோப்புகள் டேட்டா ஃபோல்டரிலேயே தங்கிவிடும் என்பதையும் அவர்தான் காட்டினார். பால்வெட்டும் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் அவற்றில் இருந்தன. கோப்புகளையும் பேக்கப்பையும் எங்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் சேமித்த பிறகு, கணினியில் எஞ்சியதையும் தன் மடிக்கணினியில் இருந்த நகலையும் என் கண்முன்னே அழித்தார்.

கட்டணம் 800 ரூபாய். முதல் ஒரு மணி நேரத்துக்கே அது தகும். ஒரே குறை, எதை நீக்கினார், எதை விட்டுவைத்தார் என்று அவராக எழுதித் தரவில்லை. கேட்ட பிறகுதான் ரசீதின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினார். அங்கே போகிறவர்கள் அதை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.