மூன்று படி மவுண்டிங் பிளாக்: ஏறச் சரி, இறங்க?

மவுண்டிங் பிளாக் என்பது குதிரைமேல் ஏற உதவும் படிமேடை. பரவலாகக் கிடைக்கும் மூன்று படி பிளாஸ்டிக் பிளாக்கை ஏறுவதற்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் வயதான சவாரிக்காரருக்கு அது அதிகம் தேவைப்படுவது இறங்கும்போதுதான். 15 கை உயரக் குதிரைக்கு, ஒரு கைக்கு 4 அங்குலம் என்று கணக்கிட்டால், தோள்மேடு (கழுத்தும் முதுகும் சேரும் இடம்) தரையிலிருந்து 60 அங்குலத்தில் இருக்கும். வெகுநேரம் உட்கார்ந்து மரத்துப்போன காலோடு அங்கிருந்து தரையில் தொப்பென்று இறங்கினால், அந்த அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான். இரண்டடி உயரப் பலகை ஒன்று கீழே இருந்தால் குதிக்கவே வேண்டியதில்லை. கால் மெல்லப் பதியும்.

உயரத்தில் இந்த பிளாக்குக்கு முழு மதிப்பெண். குறை மேல்படியின் அகலத்தில். ஏறும்போது படியைப் பார்த்துக் கால் வைக்கிறோம். இறங்கும்போது முகம் சேணத்தைப் பார்த்திருக்கும், கால் பின்னால் துழாவும். ஒற்றைப் பாதம் மட்டுமே பதியும் குறுகிய மேல்படியில் இரண்டாவது காலுக்கு இடமில்லை. இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, திரும்பவும் இடம் இருக்கும் மேல்தளமே வேண்டும்.

அடுத்தது எடை. உள்ளே வெற்றிடமான பிளாக்கைத் தூக்கி நகர்த்துவது சுலபம். குதிரையின் குளம்பு பட்டால் புரள்வதும் அதே அளவு சுலபம். மண் நிரப்ப வாய் உள்ள மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள். பக்கங்கள் மூடியிருக்க வேண்டும். திறந்த சட்டத்துக்குள் குதிரையின் கால் நுழைந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. மழையில் வழுக்காத சொரசொரப்பும் அவசியம்.

பிளாக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இறங்கும் முறை தவறினால் பயனில்லை. குதிரையை பிளாக்குக்கு இணையாக, ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துங்கள். இடைவெளி கூடினால் கால் நடுவில் விழும். கயிறு இழுபட்டதும் காற்று நிரம்பி ஊதும் பாதுகாப்பு அங்கி அணிந்திருந்தால், சேணத்தோடு இணைத்த அந்தக் கயிற்றை முதலில் கழற்றுங்கள். மறந்தால் பாதி இறக்கத்தில் அங்கி வெடித்து ஊத, அந்தச் சத்தத்தில் குதிரை மிரளலாம். பிறகு இரண்டு அங்கவடியிலிருந்தும் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம்) பாதங்களை எடுங்கள். இடது பாதத்தை அங்கவடியிலேயே விட்டு இறங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. குதிரை ஓரடி நகர்ந்தாலே அந்தக் கால் மாட்டிக்கொள்ளும். கடிவாள வாரையும் பிடரிமயிரையும் இடது கையில் சேர்த்துப் பிடித்து, வலது கையைச் சேணத்தின் முன்மேட்டில் ஊன்றி, உடலை நன்றாக முன்னால் சாயுங்கள். சாய்வு போதாவிட்டால் இடுப்பு இறுகியவர்களின் வலது கால் சேணத்தின் பின்மேட்டில் இடறும், அல்லது குதிரையின் முதுகை உதைக்கும். காலைச் சுற்றிக் கொண்டுவந்ததும் வயிற்றைச் சேணத்தில் சாய்த்து ஒரு மூச்சு நில்லுங்கள். அப்புறம் முழங்காலைச் சற்று மடக்கியபடி சறுக்கி இறங்குங்கள். பாதம் பதிந்ததும் பிடரியை விட்டுவிடாதீர்கள்.

ஏற மட்டும் என்றால் இந்த பிளாக்கைத் தயங்காமல் வாங்கலாம். இறங்கவும் வேண்டுமென்றால், அகலமான மேல்தளமுள்ள கனத்த மரமேடைதான் நல்லது. எதை வாங்கினாலும், அதன் பக்கத்தில் அசையாமல் நிற்கக் குதிரையைச் சில நாட்கள் மேலே ஆள் ஏறாமல் பழக்குங்கள். முதல் சில முறை கடிவாளத்தைப் பிடிக்கக் கீழே ஒருவர் நிற்கட்டும்.