அறக்கட்டளைப் பத்திரம் எழுதித் தந்த வக்கீல் அலுவலகம்: என் அனுபவம்

அப்பா விட்டுப்போன கட்டடத்தை அறக்கட்டளையாக்க இந்த அலுவலகத்துக்குப் போனேன். நான் எழுதிக்கொண்டு போன வரைவில் "எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்காக" என்றிருந்தது. வக்கீலம்மா அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, "இது தர்மம் இல்லீங்க, குடும்ப ஏற்பாடு" என்றார். சுருக்கென்றது.

பொறுமையாக விளக்கினார். 1951-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே உச்ச நீதிமன்றமும் அதுதான்) தீர்த்த ஓப்பன்ஹைம் வழக்கில், ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கத்தான் பணம். ஊழியர்கள் மட்டுமே 1,10,000 பேருக்கு மேல். ஆனாலும் அவர்களை இணைத்தது ஒரே நிறுவனக் குழுமத்தில் பார்த்த வேலை என்பதால் அது பொது அறம் ஆகவில்லை. எத்தனை பேர் என்பதல்ல, எதனால் சேர்ந்தவர்கள் என்பதே கேள்வி. கொடுத்த கட்டணம் அந்த அரை மணி நேரத்துக்கே தகும். வறுமை நீக்கம், கல்வி, சமயம், பிற பொதுநன்மை என 1891-இல் பெம்செல் வழக்கு வகுத்த நான்கு அற வகைகளையும் சொன்னார்.

நீதிமன்றம் தலையிடும் என்பதுதான் என் பயமாக இருந்தது. கணக்குக் கேட்கவும், சொத்தைச் சுரண்டும் அறங்காவலரை நீக்கவும், நோக்கம் நிறைவேற வழியில்லாதபோது அதற்கு நெருங்கிய வேறு அறத்துக்குச் சொத்தைத் திருப்பவும் நீதிமன்றத்தால் முடியும் என்றதும் நிம்மதி வந்தது. என் காலத்துக்குப் பிறகும் அப்பாவின் கட்டடத்துக்கு ஒரு காவல் இருக்கும்.

குறையும் உண்டு. திருத்திய நகல் வர மூன்று வாரம். அதிலும் தம்பியின் பெயரில் எழுத்துப்பிழை. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "வசதியற்ற எந்தப் பிள்ளையின் படிப்புக்கும்."