ஜெர்கினா, கம்பளியா? மூணாறுக் குளிரில் அசையாமல் உட்காரப் போகிறவர்களுக்கு

ஜனவரி மாதம். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. செண்டுவாரைப் பக்கம் ஒரு புல்மேட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். கீழே ஓடையோரத்துப் புல் முழுக்க உறைபனி, உப்பைத் தூவிவிட்டது போல. நான் போட்டிருந்தது ஆன்லைனில் வாங்கிய தடித்த ஜெர்கின். போடியிலிருந்து வந்திருந்த நண்பர் மூன்று ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்தார். மூன்றாமவர் வனத்துறை வாட்சர், முதுவர் என்ற மலைவாழ் மக்களின் குடியைச் சேர்ந்த பெரியவர். ஒரு சட்டை, ஒரு பழைய ஸ்வெட்டர், மேலே போர்வையாகக் கறுப்புக் கம்பளி, அவ்வளவுதான். முதலில் பல் தந்தியடித்தது எனக்கு. அடுத்து போடிக்காரருக்கு. பெரியவர் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி என் முதுகைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, வேர்த்திருக்கீங்க" என்றார்.

வேர்த்துத்தான் இருந்தது. அந்த மேட்டுக்கு நாற்பது நிமிட ஏற்றம். ஜெர்கினைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டு ஏறியிருந்தேன். உள்ளே பனியன் பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்தது.

இப்படி விடியற்காலையில் மணிக்கணக்காக அசையாமல் உட்காருவதற்கு எதை உடுத்துவது என்று உலகத்தில் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் வேட்டைக்காரர்கள்தான். நம் ஊரில் அந்தக் கதை முடிந்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு துப்பாக்கி தூக்கினால் சிறைதான். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார் வேட்டையாடிய இரவிகுளம் மேடு, 1975-இல் சரணாலயமாகி 1978-இல் தேசியப் பூங்காவும் ஆகிவிட்டது. இப்போது நாம் உட்காருவது வரையாட்டை எண்ணவோ, பறவைக் கணக்கெடுப்புக்கோ, படம் எடுக்கவோதான். ஆனால் குளிருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

என் மச்சான் ஒருவர் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறார். அங்கே உரிமம் வாங்கினால் நவம்பரில் மான் வேட்டைக்குப் போகலாம், போகிறார். அவரிடம் புலம்பியபோது சொன்னது இது: "மாப்ள, வீட்டைவிட்டு இறங்கும்போது உனக்குக் குளிரலைன்னா நீ அதிகமாப் போட்டிருக்கேன்னு அர்த்தம்." பெரியவர் ஒரே சொல்லில் சொன்னதும் இதைத்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு 100 வாட் பல்பு அளவுக்குத்தான் சூடு விடும். ஏற்றத்தில் அதுவே ஐந்தாறு மடங்காகும். ஆக ஒரே உடுப்பு இரண்டுக்கும் சரிப்படாது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கடையில் கிடைக்கும் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

உள்ளே: காட்டன் பனியனா, பாலியஸ்டரா, மெரினோவா

உடுமலை இறங்கினால் திருப்பூர். பனியன் நமக்கு ஊர்ப் பெருமை. இருந்தாலும் குளிரில் உட்காரப் போகிறவருக்குக் காட்டன் பனியனைப் போல எதிரி வேறில்லை. பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. நம்மைச் சூடாக வைப்பது துணி அல்ல, துணிக்குள் சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் காற்று. அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்தால் போச்சு. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு அந்த ஈரம் காய்வதற்கான சூட்டையும் நம் தோலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கோடையில் சின்னார் சோதனைச்சாவடிப் பக்கம் நிற்கும்போது இதே குணம்தான் வரமாகத் தெரியும். அங்கே காட்டனைத் தவிர வேறெதையும் போடாதீர்கள்.

பாலியஸ்டர், அதாவது கால்பந்து ஜெர்சி மாதிரியான துணி, தன் எடையில் ஒரு விழுக்காடு ஈரத்தைக்கூட நூலுக்குள் ஏற்றாது. ஈரம் இழைகளுக்கு நடுவே பரவி வெளியேறிச் சீக்கிரம் காய்ந்துவிடும். திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சமாக விற்கும் ஜெர்சி ஒன்று 300 ரூபாய்க்குள் வாங்கினேன், நான்கு வருடமாக உழைக்கிறது. ஒரே குறை நாற்றம். இரண்டாம் நாள் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மிளாவின், அதாவது கடமானின், மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மெரினோ என்பது நுண்ணிய ஆட்டு ரோமத் துணி, உறுத்தாது. கம்பளி இழை தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் சூடும் விடும். மூன்று நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது. எல்லாம் சரி, விலை? ஒரு மெரினோ பனியனுக்குக் கொடுக்கும் காசில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு குடும்பத்துக்கே ஸ்வெட்டர் எடுத்துவிடலாம். மச்சான் வாங்கி அனுப்பியதால் என்னிடம் ஒன்று இருக்கிறது, இல்லையென்றால் ஜெர்சியோடு நின்றிருப்பேன். நடுத்தரமான வழி ஒன்றும் உண்டு. ஜெர்சிகள் இரண்டு எடுத்துக்கொண்டு, மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நனைந்ததைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போடுவது. அந்த அரை நிமிடம் உயிர் போகும். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் நிம்மதி.

கடைகளில் 'தெர்மல்' என்று வெண்ணெய் நிறத்தில் தொங்கும் உள்ளாடைகளை லேபிள் பார்க்காமல் எடுக்காதீர்கள். பலவற்றில் பாதிக்கு மேல் பருத்தி. வீட்டில் தூங்கும்போது போட அருமையானவை.

நடுவில்: ஸ்வெட்டரா, ஃபிளீஸா

குளிர்காலத்தில் நம் ஊர்களில் திபெத்தியர்கள் கடை போட்டு விற்கும் ஸ்வெட்டர்களை எல்லாரும் கம்பளி என்றே சொல்லி வாங்குகிறோம். பெரும்பாலும் அது அக்ரிலிக். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். முடி கருகும் வாடை அடித்து, நசுக்கினால் பொடியாகும் கரி மிஞ்சினால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அக்ரிலிக். (கடைக்காரர் முன்னால் செய்ய வேண்டாம்.) அக்ரிலிக் ஒன்றும் மோசமில்லை, காற்றில்லாத இரவில் போதுமான சூடு தரும். ஆனால் கொஞ்ச நாளில் தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில் காற்று தங்காது.

ஃபிளீஸ், அதாவது பாலியஸ்டரில் நெய்து மேலே மயிர் எழுப்பிய மெத்தென்ற துணி, எடை குறைவு, நனைந்தாலும் உதறிப் போடலாம், அசைந்தால் சத்தம் வராது. காற்று மட்டும் சல்லடைக்குள் புகுந்த மாதிரி ஊடுருவும். மேலே ஒரு மறைப்பு இல்லாமல் மேட்டில் ஃபிளீஸோடு உட்கார்ந்தால் போடாதது போலத்தான். அடுப்பங்கரையிலும் கவனம், ஒரு பொறி பட்டால் ஓட்டை.

போடி நண்பர் ஏன் நடுங்கினார்? அவருடைய மூன்று ஸ்வெட்டர்களும் ஒரே அளவு. உடம்பைக் கவ்வியபடி ஒன்றையொன்று அழுத்தியதில் நடுவில் காற்றுக்கு இடமே இல்லை. இரண்டாவது ஸ்வெட்டர் ஒரு அளவு பெரிதாக இருந்திருந்தால் மூன்றாவது தேவைப்பட்டிருக்காது.

மேலே: இங்கேதான் சண்டை

ஜெர்கின் காற்றைத் தடுப்பதில் கெட்டி. விடியற்காலை பைக்கில் போகிறவருக்கு அதற்கு ஈடில்லை. (அது இல்லாத காலத்தில் பால்காரர்கள் சட்டைக்குள் நெஞ்சோடு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு போவார்கள். இப்போதும் அவசரத்துக்கு அது வேலை செய்யும்.) ஏற்றத்தில் அதே ஜெர்கின் பிரஷர் குக்கர். நைலான் துணிக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. கையைத் தூக்கினால் 'சர்க் சர்க்' என்று உரசும். பைனாகுலரை எடுப்பதற்குள் மிளா காதைத் திருப்பிவிடும். கனடாவில் வேட்டைக்காரர்கள் மெல்லிய மயிர் வைத்த மேல்துணியையும் கம்பளியையும் தேடிப் போவது இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. அங்கே துப்பாக்கிக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமலிருக்கக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் போட வேண்டும். மான் பயந்து ஓடாதா என்று கேட்டேன். மானின் கண்ணுக்குச் சிவப்புப் பக்கத்து நிறங்கள் பிரிந்து தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். என் ஜெர்கின் என்ன நிறம் என்று கேட்காதீர்கள்.

இனி கம்பளி. அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் தலையிலிருந்து முதுகு வரை கொங்காணி போலப் போட்டுக்கொண்டு போன அதே கறுப்புக் கம்பளிதான். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 17-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலானவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசுகள் விதி செய்யலாம் என்றது அது. ஆக எங்களுக்குக் கம்பளி என்பது சட்டப் புத்தகத்தில் ஏறிய உடுப்பு. சின்ன வயதில் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக வெட்கப்பட்டவன் நான்.

உட்காருவதற்கு அதை மிஞ்ச ஒன்றில்லை என்று இப்போது சொல்வேன். கூடாரம் மாதிரி தலையிலிருந்து தரை வரை மூடும். தொடையும் முழங்காலும் உள்ளே அடங்கும், ஜெர்கின் இடுப்போடு நின்றுவிடுகிறதே! கைகள் உள்ளேயே உடம்பின் சூட்டில் இருப்பதால் கையுறை வேண்டாம். பைனாகுலரையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். சத்தமில்லை. ஏறும்போது மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய், வியர்வை அடங்கிய பிறகு விரிக்கலாம். பனித்துளி மேலே முத்து முத்தாக நிற்கும், உதறினால் போய்விடும். பொறி பட்டாலும் கருகி அணையுமே தவிர உருகி ஒட்டாது.

குறைகள் இல்லாமல் இல்லை. எடை அதிகம். கொட்டும் மழையில் நனைந்துவிட்டால் கன்றுக்குட்டியைச் சுமப்பது போல, காய இரண்டு நாள் ஆகும். கழுத்தில் அரிக்கும். புதரில் நுழைந்தால் முள் பிடித்து இழுக்கும். பலத்த காற்றில் முன்பக்கம் பறக்கும், ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நடந்துகொண்டே பார்க்கிற கணக்கெடுப்புக்கு நான் கம்பளி எடுப்பதில்லை. அதற்கு ஜெர்சி, ஃபிளீஸ், மேலே மெல்லிய காற்றுமறைப்பு போதும்.

வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் இமயமலைக்குப் போகிறவர்களுக்கு. நம் மலையில் மூடுபனி பத்து நிமிடத்தில் வரும். இறகு ஈரமானால் உப்பல் போய் வெறும் பையாகிவிடும். பஞ்சு மாதிரி பாலியஸ்டர் அடைத்தது மலிவு, ஈரத்தையும் தாங்கும்.

கால், தலை, உட்காரும் இடம்

கம்பூட், அதாவது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், அட்டைப்பூச்சிக்கும் பனிப்புல்லுக்கும் நல்லது. உள்ளே வியர்வை போக வழியில்லை என்பதால் ஒரு சோடி காய்ந்த சாக்ஸ் பையில் இருக்கட்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்பார்கள், அது உண்மையில்லை. அதன் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று. இருந்தாலும் மங்கி குல்லா போட்டால் காதும் கழுத்தும் சேர்த்து மூடும். மப்ளரைவிட எனக்கு அதுதான் பிடிக்கும், அழகு போனால் போகட்டும்.

எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு ஈரப் பாறையில் உட்கார்ந்தால், அடிவழியாகவே சூடு இறங்கிவிடும். ஒரு சாக்கை நான்காக மடித்து, நடுவில் பழைய தெர்மாகோல் துண்டு. இதைவிட மலிவான சூடு கிடையாது.

இடத்தையும் சொல்லியாக வேண்டும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் வடிந்து பள்ளத்தில் தேங்கும். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கத்துப் பள்ளங்களில் புல் வெள்ளையாக இருக்க, மேலே சரிவில் பச்சையாக இருப்பது அதனால்தான். அன்று பெரியவர் எங்களை ஓடையோரம் உட்கார விடாமல் மேட்டுக்கு ஏற்றியதற்கும் காரணம் அதுதான். சூடேற்றிக்கொள்ள ஒரு 'கட்டிங்' போடலாமே என்று நினைப்பவர்களுக்கு: தோலுக்கு இரத்தம் பாய்வதால் சூடானது போலத் தோன்றும், நிஜத்தில் உடம்பு சூட்டை இன்னும் வேகமாக இழக்கும்.

கையில் கொஞ்சம்தான் காசு என்றால் முதலில் ஜெர்சி இரண்டு, அப்புறம் மங்கி குல்லா, அப்புறம் கம்பளி. ஜெர்கின் கடைசியில், அதுவும் பைக் ஓட்டுபவராக இருந்தால்.

அம்மாவின் கம்பளி எப்போதோ கிழிந்து போய்விட்டது. இந்த வருடம் புதிதாக ஒன்று வாங்கி, அதே மேட்டுக்கு எடுத்துப் போனேன். விடிகிற வரை குளிரவில்லை, ஓரங்களில் மட்டும் காற்று நுழைந்தது. பெரியவர் ஓரத்தை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "புதுசு. ரெண்டு மழை நனைஞ்சு காயட்டும், நூல் இறுகிரும்" என்றார்.