411ஆவது அவென்யூ: இன்டர்ஸ்டேட் 10இல் ஒன்பது ஆண்டுகள்

எங்கள் வீடு அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸில். மகள் இருப்பது பக்கத்து மாநிலமான கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸில். நடுவே ஏறத்தாழ 370 மைல், அதில் பெரும்பகுதி பாலைவனம். ஒன்பது ஆண்டுகளாக மாதம் ஒரு முறையாவது இன்டர்ஸ்டேட் 10 என்ற, மாநிலங்களைக் கடந்து ஓடும் நெடுஞ்சாலை வழியாகப் போய் வருகிறேன். அந்தப் பொட்டலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம், பச்சைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள் என்றுதான் சொல்வேன்.

பீனிக்ஸை விட்டு மேற்கே போனால் வீடுகள் தீர்ந்து கள்ளிச்செடிகளும் கரும்பாறைக் குன்றுகளும் மட்டும் மிஞ்சும். அங்கே 103ஆம் எண் எக்ஸிட்டில், அதாவது நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வழியில், ஏதோ நகரத்துத் தெருபோல ‘339ஆவது அவென்யூ’ என்று ஒரு பலகை நிற்கிறது. இன்னும் போனால் 94ஆம் எண்ணில் ‘411ஆவது அவென்யூ, டோனோபா’. முதல் ஓராண்டு இதை விநோதம் என்று நினைத்துக் கடந்துபோனேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எக்ஸிட் எண் என்பது அரிசோனாவின் மேற்கு எல்லையான கொலராடோ ஆற்றிலிருந்து எண்ணும் மைல். ஆக இரண்டு எக்ஸிட்டுகளுக்கும் இடையே 9 மைல். அவென்யூக்களின் வித்தியாசம் 72. மைலுக்கு எட்டு. பீனிக்ஸ் நகரத்துக்குள் இருக்கும் அதே அளவு! சென்ட்ரல் அவென்யூவில் தொடங்கிய எண்ணிக்கை, நகரமே முடிந்த பிறகும் பிசகாமல் ஐம்பது மைல் தாண்டி வந்திருக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. 69ஆம் எண்ணில் ‘அவென்யூ 75 ஈ’ வரும். இது யூமா நகரத்தின் கணக்கு; அங்கிருந்து கிழக்கே (‘ஈ’ என்பது ஈஸ்ட்) இத்தனை மைல் என்று பொருள். ஒரு மனிதரும் கண்ணில் படாத இடத்தில் இரண்டு ஊர்களின் எண்கள் 25 மைல் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன.

இந்த எண்கள் அழகுக்கு மட்டும் அல்ல என்பதை ஐந்தாம் ஆண்டு ஜூலையில் உணர்ந்தேன். நண்பகல். பின்சக்கர டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. அதைப் பார்த்து வைக்காதது என் தவறு. வண்டியை ஓரம்கட்டிவிட்டு முதலில் அழைத்த இழுவை வண்டி நிறுவனத்தார், தெருப் பெயரும் கதவு எண்ணும் சொன்னால்தான் பதிவு செய்ய முடியும் என்றார்கள். தெருவே இல்லாத இடத்தில் எந்தக் கதவு எண்ணைச் சொல்வது? அவசர எண்ணுக்கு அழைத்தேன். அந்தப் பெண்மணி கேட்டது இரண்டே கேள்விகள்: எந்தத் திசை, எந்த மைல்? சாலையோரத்து மைல் பலகை ஒன்று கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது. கம்பத்தில் செங்குத்தாக 7, அதன் கீழே 4. அதைச் சொன்னேன். ஐம்பது நிமிடத்தில் ஆள் நேராக என் வண்டிக்கே வந்து நின்றார். அன்றிலிருந்து கடந்துபோகும் ஒவ்வொரு மைல் எண்ணையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டுவது பழக்கமாகிவிட்டது.

சந்திப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 53ஆம் எண்ணில் ஹோவாட்டர் ரோடு எக்ஸிட். கடை இல்லை, பெட்ரோல் இல்லை, வீடு இல்லை. ஆனால் முறையான மேம்பாலமும் நான்கு சரிவுச் சாலைகளும் அவற்றின் முனையில் ‘நில்’ என்ற பலகைகளும் உண்டு. இன்டர்ஸ்டேட்டில் எந்தப் பாதையும் சமதளத்தில் குறுக்கிடக் கூடாது என்பது விதி. யாரோ எப்போதோ போகும் பாதை என்றாலும் அதை மூடாமல் விட்டால் ஒரு பாலம் கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு மாலை அந்தப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். கால் மணி நேரத்தில் கீழே நூற்றுக்கணக்கான லாரிகள் போயின. பாலத்தின் மேல் என்னைத் தவிர யாரும் வரவில்லை. அந்த ஒருவருக்காகவும் கட்டி வைத்திருக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்தது.

ஆற்றைக் கடந்து கலிபோர்னியாவுக்குள் போனதும் பலகைகளின் முகம் மாறுகிறது. அரிசோனாவில் எக்ஸிட் எண், பலகையின் தலைமேல் தனிப் பட்டையாக இருக்கும். கலிபோர்னியாவில் பெரும்பாலும் பலகைக்குள்ளேயே ஒரு மூலையில் அடைத்திருப்பார்கள். அந்த மாநிலம் எக்ஸிட்டுகளுக்கு எண் போடத் தொடங்கியதே 2002இல்தான். வேக வரம்பு 75 மைலிலிருந்து 70ஆகக் குறைகிறது, லாரிகளுக்கு 55. படிக்க எளிது அரிசோனா பலகைதான் என்பேன். ஆனால் திரும்பும் வழியில் பாம் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு அருகே ‘இண்டியோ, மற்ற பாலைவன நகரங்கள்’ என்று ஒரு பலகை வரும். பெயர் சொல்லாமல் அத்தனை ஊர்களையும் அப்படி அள்ளிப் போட்ட பலகையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதைக் கண்டதுமே பாதி வீடு வந்துவிட்டதுபோல் இருக்கும்.

பீனிக்ஸிலிருந்து எதிர்த்திசையில் டூசான் போகும் பகுதியில் கோடைப் புழுதிப்புயல்தான் பெரிய ஆபத்து. அங்கே வரிசையாகச் சிறு பலகைகள்: சாலையை விட்டு விலகு, வண்டியை அணை, பிரேக்கிலிருந்து காலை எடு, பெல்ட்டைக் கழற்றாதே. பிரேக் விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து அதைப் பின்தொடர்ந்து வந்து மோதுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலில் அப்படியே செய்து, இருட்டுக்குள் கை நடுங்க இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

குறை ஒன்று உண்டு. மாலையில் மேற்கு நோக்கி ஓட்டினால் சூரியன் பலகைக்குப் பின்னால் இறங்கும். பச்சை கறுத்து, எழுத்து கரைந்து, மிக அருகில் போன பிறகுதான் ஊர்ப்பெயர் தெரியும். அதனால் மகள் வீட்டுக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுகிறேன். திரும்புவது பிற்பகலில். அப்போது வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். 411ஆவது அவென்யூ தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும்.