முதல் பிள்ளை சிசேரியன்; இரண்டாவது எப்படி?

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக் வாங்கிலில் குந்தியிருக்கும் தாய்மாருக்கு இது பெரிய கேள்வி. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரே ஒரு வெட்டு என்றால், சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்குச் சரிவருகிறது. முதல் வெட்டுக்குக் காரணம் பிள்ளை தலை திரும்பாததுதான் என்றால் வாய்ப்பு இன்னும் நல்லது. வயிற்றுக் காயம் இல்லை. பிள்ளை பெற்றவருக்குக் காய்ச்சிக் கொடுக்கும் சரக்குக்கறியோடு கெதியாய் எழும்பி நடக்கலாம். பயம், கருப்பையில் உள்ள பழைய தழும்பு பிரிவது: ஏறத்தாழ 200இல் ஒருவருக்கு. அதனால் நோவு தொடங்கினால் வீட்டில் கிடக்கக்கூடாது. ஒப்பரேசன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரி வேணும்.

மறுபடி சிசேரியன் என்றால் வழக்கமாக 39ஆம் வாரமளவில் நாள் குறிப்பார்கள் (பஞ்சாங்கக்காரருக்குச் சந்தோஷம்). தழும்பு பிரியும் பயம் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு வெட்டோடும், அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி தழும்பில் ஆழமாக ஒட்டிப் பெருமளவு இரத்தம் போகும் ஆபத்துக் கூடும். மூன்றாவது பிள்ளையும் வேணும் என்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்கவேணும்.