ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: பழையதும் புதியதும்

2011-இல் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் காருக்கும் 2017-இல் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் முதல் மேம்பாலம் ஏறும்போதே தெரிந்துவிடும். பழையதில் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி) இல்லாத 1.6 லிட்டர் இன்ஜின், 136 குதிரைத்திறன். அது முழுசாகக் கிடைக்க 6,900 ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) வரை மிதிக்க வேண்டும். மேடு வந்தால் கியரைக் குறைக்காமல் வேலைக்காகாது. புதியது 1.4 லிட்டர் டர்போ. குதிரைத்திறன் 140 தான், பெரிய ஏற்றமில்லை. ஆனால் டார்க், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசை, 160-இலிருந்து 230 நியூட்டன் மீட்டருக்குத் தாவிவிட்டது, அதுவும் 2,500 ஆர்பிஎம்மிலேயே. மூன்றாவது கியரில் போட்டுவிட்டுப் பேசாமல் போகலாம். எடை வேறு ஒரு டன்னுக்குள் வந்துவிட்டது, சுமார் 970 கிலோ.

சத்தத்தில் மட்டும் என் ஓட்டு பழையதற்கே. உச்சத்துக்குப் போகப் போக அந்த இன்ஜின் கத்துகிற கத்தல், அடுத்த கியருக்குக் கை போகாமல் தள்ளிப்போட வைக்கும். டர்போ அதற்கு முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுகிறது.

அப்புறம் டிக்கி: 211 லிட்டர் இருந்தது 265 ஆகியிருக்கிறது. பழையதில் இரண்டு பெட்டி வைத்தாலே பின்சீட்டை மடக்கத் தோன்றும். பெட்ரோல் டேங்க் மட்டும் 42 லிட்டரிலிருந்து 37 ஆகச் சுருங்கிவிட்டது. ஏன்தானோ! நீண்ட பயணத்தில் பங்க்குக்கு ஒரு முறை கூடுதலாக ஒதுங்க வேண்டியிருக்கும்.