பழைய பொலேரோ பிக்கப்பில் டிரெய்லர் ஹிட்ச்: சில வருடங்கள் இழுத்த பிறகு

வண்டிக்குப் பின்னால் ட்ராலியை மாட்டி இழுக்கும் இணைப்பு, அதாவது ஹிட்ச், வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் இரும்பைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். என் வண்டியில் இத்தனை வருடத்தில் இரும்பு ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. கொடுத்ததெல்லாம் வயரிங். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வண்டி 2011 மாடல் மகேந்திரா பொலேரோ பிக்கப். தொழில் ஜெனரேட்டர் வாடகை, இருப்பது தண்டையார்பேட்டை. ஆடி பிறந்துவிட்டால் கொருக்குப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பார்கள், சீரியல் லைட்டு போடுவார்கள். எங்களுக்கு அதுதான் சீசன். இழுப்பது 10 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் செட், இரண்டு சக்கர ட்ராலியில். எல்லாம் சேர்த்து 700 கிலோவை ஒட்டி வரும். ட்ராலிக்குத் தனியாக பிரேக் கிடையாது. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத ட்ராலிக்கு 750 கிலோதான் உச்ச வரம்பு. அந்தக் கணக்கையே நானும் வைத்துக்கொண்டேன்.

முன்பு இருந்தது நம்மூரில் எல்லா வண்டியிலும் பார்க்கும் ஏற்பாடுதான்: பம்பரில் ஒரு தகடு, தகட்டில் ஓட்டை, ட்ராலி வளையத்தை நுழைத்து மேலிருந்து ஒரு பின். மலிவு, எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். ஆனால் வளையத்துக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒவ்வொரு பள்ளத்திலும் டடக் டடக் என்று அடிக்கும். மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் போட்டு வைத்திருக்கும் குழிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடித்து அடித்து ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அதனால்தான் 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு (பால்) வைத்த ஹிட்சுக்கு மாறினேன். ட்ராலி முனையில் இருக்கும் கப்ளர் என்ற கிண்ணம் அந்தக் குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். இதில் ஒரு எச்சரிக்கை: கடைகளில் 2 இன்ச் பாலும் கிடைக்கும், அது 50.8 மில்லி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 50 மில்லி பாலை 2 இன்ச் கப்ளரில் மாட்டினால் லூசாக நிற்கும், மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுகொள்ளவும் வாய்ப்பு உண்டு. வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

என் மாடலுக்கென்று நேராகப் பொருந்தும் கிட் கிடைக்கவில்லை. பொதுவான ஒரு ஹிட்ச் பாரை வாங்கி, இரண்டு பக்கமும் சேஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேரும் தகடுகளை மட்டும் தனியாக வெட்ட வேண்டியிருந்தது. ஸ்டெப்னி அடியில் தொங்குவதால் அதை இறக்கி ஏற்ற இடம் விட்டுத்தான் குறுக்கு பாரை வைக்க முடியும். முதலில் போன பட்டறையில் ஒரே பேச்சு: "இன்னாண்ணே போல்ட்டு போல்ட்டுன்ற? நாலு பக்கமும் வெல்டு வெச்சுட்டா பூகம்பம் வந்தாலும் அசையாது." அசையாதுதான், வேலை செய்த அன்றைக்கு. சேஸில் வெல்டு வைத்தால் அந்தச் சூட்டில் பக்கத்து இரும்பின் குணம் மாறிவிடும். தினமும் குலுங்கும் இடத்தில் வெல்டின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். ஹிட்ச் போனால் ஹிட்ச் மாற்றலாம், சேஸ் விரிந்தால் என்ன செய்வது? அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாசர்பாடியில் இன்னொருவர் போல்ட்டிலேயே செய்து கொடுத்தார். சேஸின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடவில்லை. பாரம் அதிகம் தாங்கும் இடம் அவைதான். பக்கவாட்டுச் சுவரின் நடுவில்தான் டிரில் போட்டார். போல்ட்டுகளைப் பாரீஸ் கார்னர் பக்கம் போய் நானே வாங்கி வந்தேன், தலையில் 8.8 என்று வலிமைத் தரம் அச்சடித்தது. அச்சு இல்லாத போல்ட்டை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. ஓட்டை போட்ட இடத்தில் உடனே துருத் தடுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு மாட்டினோம். கொஞ்சம் ஓடிய பிறகு, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கச் சொன்னார். சில போல்ட்டுகள் கொஞ்சம் திரும்பத்தான் செய்தன, அதற்குப் பிறகு இன்றுவரை அசைவில்லை.

பிக்கப் உயரமான வண்டி என்பதால் பாலைக் கீழே இறக்கும் டிராப் பிளேட் தேவைப்பட்டது. பாரம் ஏற்றிய நிலையில் பாலின் நடு தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அளவு. நான் அதற்கு ஏற்பத்தான் வைத்தேன். வேகத்தடையில் இதுவரை பால் இடிக்கவில்லை, கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்துதான் சந்தில் நடப்பவர்களின் முழங்காலைப் பதம் பார்க்கிறது. இழுக்காத நாளில் கழற்றி வைக்கிற மாதிரி உள்ளதையே வாங்குங்கள்.

ட்ராலியின் மூக்குப் பாரம்தான் அடுத்த சங்கதி. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது பாலின் மேல் அமர வேண்டும். பின்பாரம் அதிகமானால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் ட்ராலி வாலாட்ட ஆரம்பிக்கும், ஸ்டீயரிங்கில் அது நன்றாகவே தெரியும். அளக்க நான் பிடித்த வழி, காசிமேட்டில் மீன் நிறுக்கும் பிளாட்பாரத் தராசு. சமதரையில் ட்ராலியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கப்ளருக்கு அடியில் பால் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிற்க வைத்தோம். 40 கிலோதான் காட்டியது. மீன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எறா எடை கம்மியா கீதா?" என்று கேட்டுச் சிரித்தார். ஜெனரேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி செட்டை முன்னால் நகர்த்த நகர்த்த 70-ஐத் தாண்டியது. வாலாட்டம் அன்றோடு நின்றது.

இப்போது வயரிங். ட்ராலி விளக்குகளுக்கு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்கும் ஏழு பின் சாக்கெட்டில் மூன்றாவது பின்தான் எர்த், வெள்ளை வயர். இது சரியில்லை என்றால் பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரியும், எல்லா விளக்கும் ஒன்றோடொன்று கலந்து பேய் பிடித்த மாதிரி மின்னும். ஆளாளுக்கு பல்பை மாற்றுவார்கள், கோளாறு எர்த்தில் இருக்கும். ட்ராலியின் இரண்டு பிரேக் பல்பும் தலா 21 வாட் என்றால் வண்டியின் பழைய வயருக்கு 3.5 ஆம்பியர் கூடுதல் சுமை. அதனால் ரிலே (சின்னக் கரண்டில் இயங்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்தே நேராக லைன் எடுத்தேன், நடுவில் ஃபியூஸ்.

ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சாக்கெட் தப்பவில்லை. கரண்ட் இல்லாத நாட்களில் செட்டுக்கு ஓயாத அழைப்பு, முழங்கால் தண்ணீரில் வண்டி. எண்ணூர் பக்கம் வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்ததால் அடிப்பாகம் முழுக்கப் பிசுபிசுப்பு. பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் பின்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. அப்போது மாற்றியதுதான் இன்றுவரை நிற்கிறது: கிள்ளி மாட்டும் கிளிப் எதுவும் இல்லாமல் எல்லா இணைப்பிலும் ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, சாக்கெட்டை வாய் கீழ்ப்பக்கம் சாய்த்து மாட்டியது. பின்களில் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ். மழை சீசனுக்கு முன்னால் ஒரு தடவை கழற்றித் துடைக்கிறேன்.

பாலில் துரு மேலாக வரும், துடைத்து கிரீஸ் தடவினால் போதும். தேய்ந்து 49 மில்லிக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். என்னுடையது இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. சேஃப்டி செயினைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், கப்ளர் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அதன்மேல் விழும்.

காகித வேலையையும் விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ட்ராலி சட்டப்படி தனி வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். எங்களைப் போன்ற சரக்கு வண்டிகள் எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மச்சான் 15 கேவிஏ செட் வாங்கலாம் என்று நச்சரிக்கிறார். ட்ராலியோடு அது 750 கிலோவைத் தாண்டிவிடும். தள்ளு விசையில் தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் வைத்த அச்சு கையில் கிடைக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.